பதிலுக்கு இரண்டு தட்டு

இது நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெனடிக்ட்டுக்கு நடந்தது. வேண்டுமானால் அவனிடமே போய்க் கேளுங்கள். ஆனால் திட்டு வாங்காமல் திரும்ப மாட்டீர்கள். அந்த ஷெட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே அவன் முகம் சிவந்துவிடும். பயத்தால் இல்லை. கோபத்தால்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப் பூ வாசனை என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். இது பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் நடந்தது.

பெனடிக்ட்டிடம் ஒரு பழைய காண்டெசா கார் இருக்கிறது. ஓடாத காராக வாங்கினான். அதை ஓட வைத்தே தீருவேன் என்று பல வருடமாக அதோடு மல்லுக்கட்டுகிறான். சிலர் சீட்டாடுவார்கள், சிலர் ஏரியில் தூண்டில் போடுவார்கள், இவனுக்கு இது. கார் வாங்குவது சுலபம். அதை நிறுத்திக் கழற்றி மாட்ட ஓர் இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அபார்ட்மெண்டில் நிறுத்தினான். "இந்த இரும்புக் குப்பைய எப்ப சார் எடுப்பீங்க?" என்று சங்கத்துச் செயலாளர் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். ஓமலூர்ப் பக்கம் ஒரு கோழித்தீவனக் குடோனில் மூலை கிடைத்தது. எலிகள் ஒயர் முழுவதையும் கடித்துத் தீர்த்தன. சர்ச்சில் தெரிந்தவர் ஒருவர் தன் வீட்டுப் பின்பக்கத்தைக் கொடுத்தார். மூன்றாம் மாதமே மகனுக்குக் கல்யாணம், பந்தல் போட வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் காரை இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி. ஒவ்வொரு தடவையும் மனைவி ஆன்சியின் பார்வை.

கடைசியில் சங்ககிரிக்குப் பக்கத்தில், லாரிக்குப் பாடி கட்டும் தெரு ஒன்றில் இடம் அமைந்தது. நீளமான தகர ஷெட். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் கவின் என்ற இளைஞன் ஏற்கெனவே தன் ஜீப்பை அங்கே வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். பெனடிக்ட்டைப் போலவே அவனுக்கும் பழைய வண்டிப் பைத்தியம். பாதி இடம் சும்மா கிடக்கிறது, பாதி வாடகை கொடுங்கள் போதும் என்றான். பெனடிக்ட் அன்றே சரி சொன்னான்.

ஷெட்டின் சொந்தக்காரர் சின்னுசாமி. ஒருகாலத்தில் லாரி ஓட்டியவர், இப்போது தோட்டத்தோடு சரி. சாவி கொடுக்க வந்தவர் ஷெட்டுக்குள் வரவில்லை. ரோட்டில் நின்றே பேசினார்.

"ஏனுங்க தம்பி, ஒண்ணே ஒண்ணுதான். வண்டிய எடுக்கறதுக்கு முன்னால சேசில தட்டுங்க. பதிலு வந்துச்சுன்னா எடுக்காதீங்க."

அது அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதுதான். லாரிக்கு அடியில் யார் படுத்து வேலை பார்க்கிறார்கள் என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. அதனால் வண்டியை எடுப்பவன், வண்டியின் அடிச்சட்டமான சேசில் ஸ்பானரால் மூன்று முறை தட்டுவான். அடியில் ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டுவான். பதில் வந்தால் வண்டி நகராது. அது அங்கே எழுதாத சட்டம்.

"நாங்க ரெண்டு பேருதானே இருக்கோம்?" என்று சிரித்தான் பெனடிக்ட்.

"ரெண்டு பேரோ இருவது பேரோ, தட்டுங்க." சின்னுசாமி சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, செருப்பில் தீப்பிடித்த மாதிரி நடந்து போய்விட்டார்.

முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு பெனடிக்ட் மட்டும் வந்திருந்தான். அன்றுதான் என்ஜின் உயிர் பெற்றிருந்தது. நாலு அடி பின்னால் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தான். சொன்ன சொல்லுக்காக, விளையாட்டாக, மூன்று தட்டு தட்டினான்.

டக்… டக்.

பதில் வந்தது.

"கவினு?" என்று கூப்பிட்டுக்கொண்டே குனிந்து பார்த்தான். அடியில் யாரும் இல்லை. ஜீப்புக்கு அடியிலும் இல்லை. பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் என்று விட்டுவிட்டான்.

மறுபடியும் ஒரு நாள். அப்புறம் இன்னொரு நாள். இவன் தட்டினால் அது தட்டும். இவன் தட்டாவிட்டால் அதுவும் சும்மா இருக்கும். பக்கத்துப் பட்டறைக்காரனுக்கு இவன் எப்போது தட்டுகிறான் என்று எப்படித் தெரியும்?

பெனடிக்ட் கண்டுபிடித்துவிட்டான். கவின்தான். எங்கோ ஒளிந்துகொண்டு விளையாடுகிறான். போனைப் போட்டுக் கத்தினான்.

"என்னடா நினைச்சிட்டிருக்க? நான் உனக்கு விளையாட்டுச் சாமானா?"

"அண்ணா, நான் தறிக்கிட்ட நிக்கறனுங்க. சத்தம் கேக்குதுங்களா?" உண்மையில் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. "நானே உங்களக் கேக்கோணும்னு இருந்தேன். நீங்கதான் தட்டறீங்கன்னு நினைச்சிட்டு இருந்தனுங்க…"

பெனடிக்ட் நம்பவில்லை. கோபக்காரனுக்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும். காற்றின் மேல் கோபப்பட முடியுமா? அன்றோடு இருவருக்கும் பேச்சு குறைந்தது.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது.

முதல் நாள் மாலை சின்னுசாமி போன் செய்தார். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒருவர் ஷெட்டை முழுசாகக் கேட்கிறாராம். "நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள வண்டிய எடுத்துருங்க தம்பி. கவின்கிட்டயும் சொல்லிட்டேன்." ஒரு நாள் அவகாசம்! விடுமுறை நாளில்! பெனடிக்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. அபார்ட்மெண்டுக்கு மறுபடி கொண்டுபோனால் சங்கத்துக்காரர்கள் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதை வாயைத் திறந்து சொல்லியே இருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை. இந்த ஷெட் போனால் கார் போச்சு. இத்தனை வருட உழைப்பும் போச்சு.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் ஆன்சி போட்டு வைத்த சாப்பாட்டைத் தொடாமலே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வழி முழுவதும் திட்டிக்கொண்டே போனான். சின்னுசாமியை, செயலாளரை, எலிகளை, எல்லாரையும்.

தெருவுக்குள் நுழைந்ததும் ஒன்று உறைத்தது. சத்தமே இல்லை. எந்நேரமும் இரும்பு அலறும் தெரு அது. இன்று ஒரு சுத்தியல்கூடப் பேசவில்லை. பூஜை போட்ட ஆயுதத்தை அன்று யாரும் தொட மாட்டார்கள். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய். மனித நடமாட்டம் இல்லை.

அவர்கள் ஷெட்டின் ஷட்டர் பாதி ஏறியிருந்தது. கவின் காலையில் வந்து பூஜை போட்டுவிட்டு, சாத்தாமல் போயிருக்கிறான். "பொறுப்பே இல்லாத பயல்!" என்று அதற்கும் ஒரு திட்டு. ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டான்.

உள்ளே இருட்டு. வெயிலில் வந்த கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓரத்துப் பலகையில் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் வரிசையாக, சந்தனம் குங்குமத்தோடு இருந்தன. நடுவில் பொரி, பழம்.

அவன் பார்த்தானே தவிர நிற்கவில்லை. நேராகக் காரிடம் போனான். பழக்கம் கையைத் தூக்கியது. பைக் சாவியால் சேசில் மூன்று தட்டு.

டக்… டக்.

பக்கத்துப் பட்டறை பூட்டிக் கிடந்தது. தெருவே பூட்டிக் கிடந்தது.

பெனடிக்ட்டுக்கு உடம்பு சில்லிட்டது. ஆனால் அதற்கு மேல் கோபம் ஏறி உட்கார்ந்தது.

"போடா! நீயும் உன் தட்டலும்! நானே போக்கிடம் இல்லாம நிக்கிறேன்!"

காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான். சாவியைத் திருகினான். என்ஜின் இருமியது. நின்றது.

டக்… டக்.

மறுபடி திருகினான். இந்த முறை என்ஜின் பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க உறுமல். அந்த உறுமலுக்கு மேலே…

டக். டக்.

எப்படிக் கேட்கும்? இத்தனை சத்தத்தில் எப்படிக் கேட்கும்?

ரிவர்ஸ் போட்டான். கால் கிளட்சில் இருந்தது.

டக்டக். டக்டக். டக்டக்.

இப்போது காதில் இல்லை. பாதத்தில். தரைத் தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சரியாக அவன் உள்ளங்காலுக்குக் கீழே…

டக்டக்டக்டக்டக்…

யாரோ கெஞ்சுகிற மாதிரி.

என்ஜினை அணைத்தான்.

தட்டல் நின்றது.

"எவன்டா அது!"

இறங்கினான். தரையில் முட்டி போட்டுக் குனிந்தான்.

ஒரு தலை.

இடது பின் சக்கரத்தை ஒட்டி, அட்டை ஒன்றை விரித்து, கவின் படுத்திருந்தான். காதில் பஞ்சு மாதிரி இரண்டு இயர்போன். வாய் லேசாகத் திறந்திருந்தது. நல்ல தூக்கம். கார் ஒரு முழம் பின்னால் வந்திருந்தால் போதும்.

பெனடிக்ட் அவன் காலைப் பிடித்து இழுத்தான். இழுத்ததும் ஓங்கி ஓர் அறை. அடுத்த நொடி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். கவினுக்கு ஒன்றுமே புரியவில்லை.

"ஏனுங்கண்ணா, என்னாச்சு? விடியக்காலம் இருந்து தறிப்பட்டறையில பூஜை, அப்பறம் இங்க பூஜை. அசந்து தூங்கிட்டனுங்க. உங்க சைலன்சர் தொங்குச்சு. ரோட்டுல உழுந்தறப் போவுதுன்னு கட்டியுட்டேன்."

சண்டை போட்டவனுக்குச் செய்த உதவி அது. பெனடிக்ட் குனிந்து, சைலன்சரைச் சுற்றிக் கட்டியிருந்த கம்பியைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"நீதானே தட்டின?"

"நானுங்களா? எதுல தட்டறது? இன்னைக்கு ஆயுதம் எடுக்கக் கூடாதுல்லீங்க. கம்பியக்கூட வெறுங்கையிலதான் முறுக்கினேன்."

இருவரும் பலகையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஸ்பானரும் வைத்த இடத்தில். ஒவ்வொன்றிலும் குங்குமம் கலையாமல். காருக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டுகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டார்கள்.

அன்று மாலையே இரண்டு வண்டிகளையும் குமாரபாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். தறிப்பட்டறைக்குப் பின்னால் நூல் மூட்டை போடும் இடத்தைக் கவின் ஒதுக்கிக் கொடுத்தான். முன்பே ஒதுக்கியிருக்கலாம், எனக்குத் தோன்றவே இல்லை என்றான்.

கிளம்பும்போது பக்கத்து மெஸ்காரம்மா சென்னியம்மாள் ரோட்டுக்கு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டார்.

"தட்டுச்சா சாமி?" என்றார்.

"யாரு தட்டறது?" என்று கேட்டான் பெனடிக்ட். அந்த அம்மாள் சொன்னார்.

ஜலகண்டாபுரத்துக்காரர் ஒருவர், சண்முகவேல், அங்கே வேலை பார்த்தாராம். ஒரு நாள் லாரிக்கு அடியில் ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தார். சின்னுசாமிக்கு லோடுக்கு நேரமாகிவிட்டது. காலையிலிருந்தே இருவருக்கும் வாய்த்தகராறு. சின்னுசாமி மூன்று தட்டு தட்டினார். பதில் வந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறான் என்று கத்திக்கொண்டே லாரியை எடுத்தார். ஜாக்கி சாய்ந்து, லாரி அவர் மேல் இறங்கியது. சின்னுசாமி இறங்கி ஒரு தடவை குனிந்து பார்த்தார். ஷட்டரை இழுத்துவிட்டுப் போய்விட்டார். ஜாக்கி தானாக நழுவியது என்றுதான் பிறகு ஊருக்குச் சொன்னது.

"உடனே போயிருச்சுங்களா உசுரு?" என்று கவின் கேட்டான்.

"எங்க சாமி… சாயந்தரம் வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு ரெண்டா. நான் இங்க மாவாட்டிட்டு இருந்தேன். இந்தத் தெருவுல இரும்புச் சத்தம் கேட்டா யாரு திரும்பிப் பாப்பாங்க? வேலை நடக்குதுன்னு நினைச்சுப் போட்டேன்."

"அவரு பதில் கேட்டுட்டு எடுத்தாருன்னு போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"என்ற மெஸ்ஸும் அவுரு எடத்துலதான் இருக்குது" என்றார் அந்த அம்மாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை பெனடிக்ட் சின்னுசாமியின் தோட்டத்து வீட்டுக்குப் போனான். சாவியைக் கொடுக்க இல்லை. கத்த. அவர் வாசலில் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாவிக்கொத்தை அவர் காலடியில் விட்டெறிந்தான்.

"அன்னைக்கு உங்களுக்குப் பதில் கேட்டுச்சா, இல்லையா?"

அவர் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு பையன் செத்திருப்பான்யா! தெரிஞ்சே வாடகைக்கு விட்டியே, நீயெல்லாம் மனுசனா?"

"அதனாலதானுங்க தட்டச் சொன்னேன்" என்றார் சின்னுசாமி, மெதுவாக.

அந்தப் பதில் பெனடிக்ட்டை இன்னும் வெறியேற்றியது. "நீ ஏன் உள்ள வரல? அங்க வந்து நில்லு. நீ தட்டிப் பாரு!"

சின்னுசாமி நிமிர்ந்து அவனைப் பார்த்தார். கண் இரண்டும் பல நாள் தூங்காத கண்கள்.

"உங்களுக்குத் தட்டினாத்தான் தம்பி பதிலு வருது. எனக்கு… தட்டாமயே வருதுங்க."

பெனடிக்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

டக்… டக்.

கட்டிலுக்கு அடியில்.

சின்னுசாமி குனிந்து பார்க்கவில்லை. தரையில் இருந்த இரண்டு கால்களையும் மெல்லத் தூக்கி, கட்டிலின் மேல் வைத்துக்கொண்டார். தினமும் செய்கிறவரைப் போல.

பெனடிக்ட் குனிந்து பார்த்தான். சிமெண்ட் தரை. பெருக்கி, துடைத்து, சுத்தமாக இருந்தது.