ஏவுகணை விழுந்த மறுநாள் வீட்டு ஜெபம்

எங்க வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். வளைகுடாவுல ஒரு சின்ன நாட்டுல வேலை. உலகப்படத்துல அந்த நாட்டோட பேரை உள்ளுக்குள்ள எழுத எடம் பத்தாம கடல்ல எழுதி வெச்சிருப்பாங்க, அவ்வளவு தம்மாத்தூண்டு. அங்க ஒரு வல்லரசு தன்னோட விமானப்படையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கு. அந்தப் பட்டாளத்துக்காரங்க தூங்கற ரூமெல்லாம் ஜில்லுன்னு இருக்கணும். அதைப் பாத்துக்கத்தான் இவர் சித்தூர்லருந்து போனது.

"ஏங்க, இவங்களுக்குன்னு சொந்தமா பட்டாளம் இல்லியா?"ன்னு ஒரு தபா போன்ல கேட்டேன்.

"கீது. இருந்து இன்னா பண்றது? சுத்தி இருக்கிறவனெல்லாம் பெரிய ஆளுங்க. அதான், வீட்டு மாடியைப் போலீஸ்காரனுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி விட்டு வெச்சிருக்காங்க"ன்னார்.

இன்னொண்ணும் சொன்னார். போர் விமானத்தை ஒரே நாட்டுகிட்ட வாங்கறதில்லையாம். எல்லார் கடையிலும் ஒண்ணு ரெண்டு. யாரும் கோச்சுக்கக் கூடாது பாருங்க. மாடியில இருக்கிறவனுக்கு ஆகாத நாடு கடலுக்கு அந்தாண்ட இருக்கு, அதுகூடயும் சிரிச்ச மொகமாப் பேசிக்கினுதான் இருப்பாங்களாம். கேக்கக் கேக்க எனக்கு எரிச்சல். இதுவும் ஒரு பொழப்பான்னு இருந்துச்சு. எரிச்சல்பட்டு என்ன, அந்தப் பொழப்பை நம்பித்தான் எங்க பொழப்பும் ஓடிச்சு.

போன வருஷம் அந்தத் தளத்தை மூடப்போறாங்கன்னு ஒரு பேச்சு அடிபட்டுச்சு. எனக்குக் கை கால் ஓடலை. அதுக்கு முன்னாடி ஒரு தடவை இவர் ஊரோட வந்து இருந்த லட்சணத்தைப் பாத்தவ நான். பலமனேர்ல பாலைக் குளிர வெக்கிற எடத்துல வேலைக்குச் சேந்தார், கொஞ்ச நாள்ல அதை மூடிட்டாங்க. அப்புறம் ஜன்னலாண்ட நாற்காலியைப் போட்டு உக்காந்தவர்தான். துன்னக் கூப்பிட்டாக்கூட காதுல விழாது. பொண்ணு பேசினா ஊம் கொட்டுவார். உயிரோட இருக்கிற மனுஷனுக்கு துக்கம் காக்கிற மாதிரி ஆயிடுச்சு எனக்கு.

அதனால சபையில எல்லாரும் எனக்காக உபவாசம் இருந்து ஜெபம் பண்ணாங்க. தளத்தை மூடலை. நான் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டேன். எங்க கோயில்ல எதுக்காகக் காணிக்கைன்னு ஆராதனையிலயே வாசிப்பாங்க. "விமானப்படைத் தளம் மூடப்படாதபடி காத்த கிருபைக்காக"ன்னு போதகர் தொண்டையைச் செருமிக்கினு வாசிச்சார். மொத்த சபையும் ஆமென் சொல்லிச்சு. எல்லாரையும்விட என் குரல்தான் பலமாக் கேட்டுச்சு.

இந்த வருஷம் அந்த வல்லரசுக்கும் கடலுக்கு அந்தாண்ட நாட்டுக்கும் முட்டிக்கிச்சு. ஒரு சாயங்காலம் அந்தாண்ட நாட்டுக்காரங்க ஏவுகணையை விட்டாங்க. மாடியில குடியிருக்கிறவன் மேல கல்லெறிஞ்சா உடையறது யார் வீட்டுக் கண்ணாடி? டிவியில அந்தத் தளத்து மேல வெளிச்சம் வெளிச்சமாப் போச்சு. "நல்லா கீறேன்"னு அவர்கிட்டருந்து ஒரே ஒரு மெசேஜ். அப்புறம் போன் பண்ணாப் போகவே இல்லை.

விடிஞ்சும் போன் வரலை. வீட்டுல நிக்க முடியலை, உக்கார முடியலை. அடுப்பைப் பத்த வெச்சேன், அணைச்சேன். திருப்பதியில நர்சிங் படிக்கிற பொண்ணைப் பாத்துட்டாவது வரலாம்னு பஸ் ஏறிட்டேன். பஸ்ல பின்சீட்டுல ஒருத்தர் போன்ல வீடியோ பாத்துக்கினு, "இதந்தா டிராமா, எல்லாம் நாடகம். முன்னாடியே சொல்லிட்டுத்தான் ஏவுகணை போட்டாங்க"ன்னு தெலுங்கும் தமிழுமா ஊருக்கே கேக்கறாப்புல பேசினார். சந்திரகிரி வரைக்கும் பல்லைக் கடிச்சேன். அதுக்கு மேல முடியலை. திரும்பி, "ஆ டிராமாலோனே மா ஆயன உன்னாருய்யா"ன்னேன். அந்த டிராமாவுலதான்யா என் புருஷன் இருக்கார். மனுஷன் போனைப் பாக்கெட்ல போட்டுக்கினார்.

பொண்ணு ஹாஸ்டல் வாசல்லயே நின்னா. அவ சொன்னது ஒண்ணுதான்: "நைனாவை வந்துடச் சொல்லுமா." சரின்னுட்டு அடுத்த பஸ்லயே திரும்பிட்டேன்.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டு ஜெபம் எங்க வீட்டுல, முன்னாடியே முடிவானது. வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தரா ஒரு விண்ணப்பம் சொல்றதும், மத்தவங்க ஆமென் சொல்றதும் வழக்கம். மொதல்ல என் மாமியார். "ஆண்டவரே, அந்தப் பட்டாளம் என் புள்ளை இருக்கிற எடத்தை விட்டு ஒழிஞ்சு போகட்டும்"னு அழுதுக்கினே கேட்டாங்க. ஆமென்னோம். அடுத்து பக்கத்து வீட்டு அக்கா. அவங்க தம்பியும் அதே தளத்துல துணி வெளுக்கிற எடத்துல இருக்கான். "ஆண்டவரே, பட்டாளத்தை அங்கருந்து எடுத்துடாதேயும். அவங்க போயிட்டா அந்த நாட்டை மத்தவன் முழுங்கிடுவான், எங்க புள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும்"னாங்க. அதுக்கும் எல்லாரும் ஆமென்னாங்க, மாமியாரும் சேந்து. எனக்கு சிரிப்பும் வந்துச்சு, பத்திக்கினும் வந்துச்சு. மேல இருக்கிறவர் எதைத்தான் கேப்பார்?

அடுத்தது என் முறை. வாயைத் தொறக்கறதுக்குள்ள மடியில இருந்த போன் அடிச்சுது. அவர்தான்.

எழுந்து சமையல்கட்டுக்கு ஓடினேன். அவர் குரலைக் கேட்டதும் தரையிலயே உக்காந்துட்டேன். "ஒண்ணும் ஆவலை. தூரத்துலதான் விழுந்துச்சு. கம்பெனியில ஊருக்குப் போறவங்களுக்கு டிக்கெட் போடறாங்க. போனா திரும்ப வேலைக்கு எடுக்க மாட்டாங்க. இப்பவே பேர் குடுக்கணும். நீ இன்னா சொல்றே?"ன்னார்.

வந்துடுங்கன்னு சொல்லத்தான் வாய் போச்சு. அதுக்குள்ள அந்த ஜன்னலும் நாற்காலியும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. பொண்ணுக்கு இன்னும் படிப்பு முடியலை. அங்க விழுந்தாத்தான் பயம், இங்க வந்தா தினம் தினம் பயம்.

"அங்கயே இருங்க"ன்னேன். "இனிமே போட மாட்டாங்களாம். நீங்க இருக்கிற நாடே பட்டாளத்தைப் போகச் சொல்லலியாம், இன்னும் கூட ஆளுங்களைக் கொண்டாரச் சொல்லுதாம், டிவியில சொன்னாங்க. நமக்கு மட்டும் இன்னா?"

 

"சரி"ன்னார். அப்புறம், "வந்துடுங்கன்னு நீ சொல்லுவேன்னு நெனச்சுத்தான் போன் பண்ணேன்"னார்.

நான் பதில் சொல்றதுக்குள்ள வெச்சுட்டார். திரும்பத் திரும்ப அடிச்சேன், எடுக்கலை. பேர் குடுத்தவங்கல்லாம் மறுநாளே ஊர் வந்து சேந்துட்டாங்க, பக்கத்து வீட்டு அக்கா தம்பியும்தான். இவர் வேலைக்குப் போயிட்டார்.