நோட்டில் ஏறாத பாஸ்கள்

செஞ்சியில் நாங்கள் பேஸ்கெட்பால் ஆடியது மண் மைதானத்தில். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் ஏதாவது ஒரு கல்லில் பட்டுப் பக்கவாட்டில் போய்விடும். அதனால் எங்கள் ஆட்டம் முழுக்க பாஸ் ஆட்டம்தான். சிமெண்ட் தரையில் ஆடிப் பழகிய திண்டிவனத்துக்காரர்கள், "இன்னாப்பா, பந்து சுடுதா? கைல வெச்சிக்கவே மாட்றீங்க" என்று கிண்டல் செய்வார்கள். சுடத்தான் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அவர்களை இரண்டு முறை ஜெயித்திருக்கிறோம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் நாங்கள். சாயங்கால ஆட்டம் முடிந்ததும் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு எழுதுவோம். யார் கூடை போட்டான் என்று எல்லா ஊரிலும் எழுதுவார்கள். எங்கள் நோட்டில் அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி உண்டு. அதன் தலைப்பு 'கொடுத்தவன்'. கூடை போட்டவன், தனக்குப் பந்து கொடுத்தது யார் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு அசிஸ்ட் என்று ஒரு பெயர் இருப்பதே அப்போது எங்களுக்குத் தெரியாது.

மாதக் கடைசியில் அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்ப்பதில் இருந்த ருசி சினிமாவில்கூட இல்லை. யார் யாருக்குக் கொடுக்கிறான், யாருக்குக் கொடுப்பதே இல்லை என்று எல்லார் வண்டவாளமும் வெளியே வந்துவிடும். மாமன் மச்சான் முறையுள்ள இரண்டு பேர் ஒரு மாதம் முழுக்க ஒருவருக்கொருவர் ஒரு பந்துகூடக் கொடுக்கவில்லை என்று அப்படித்தான் கண்டுபிடித்தோம். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் ஒருவன் மற்றவனைச் சரியாகக் கவனிக்கவில்லையாம். அடுத்த ஆட்டத்தில் இருவரையும் நிற்க வைத்து, பத்துப் பந்து மாற்றி மாற்றிக் கொடுக்க வைத்தோம்.

முதலில் நோட்டு என்னிடம்தான் இருந்தது. கொடுத்தவன் பத்தியில் என் பெயரை எழுதுவதில் நான் கொஞ்சம் தாராளமாக இருந்தேன். ஒருநாள் பிடிபட்டேன். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். சட்டைக் காலரைப் பிடிக்கும் அளவுக்குச் சண்டை முற்றியது. அன்றைக்கு ஒரு விதி போட்டார்கள்: நோட்டு எழுதுகிறவன் தன் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது. அவன் கொடுத்த பந்தாக இருந்தால் அந்த இடத்தில் வெறும் கோடு போட வேண்டும். கோடு யாருடையது என்றுதான் நமக்கெல்லாம் தெரியுமே, அது போதாதா என்றார்கள். விதியைப் போட்ட கையோடு என் நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, புது நோட்டு ஒன்றை என் நண்பனிடம் கொடுத்தார்கள்.

அவன் வீட்டுக்கு வல்லம் பக்கம் கொஞ்சம் நிலம், செஞ்சியில் ஒரு மல்லாட்டை மண்டி. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை. சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும், பிறகு மறுநாள் காலைவரை ஒன்றும் கிடையாது. ஆகவே நோட்டை எழுதி மூடியதும் சைக்கிளில் பறப்பான். அவனைப்போல் பந்து கொடுக்கிறவனை நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். நான் ஓடிப்போய்ச் சேரும் இடத்துக்குப் பந்து எனக்கு முன்னால் வந்திருக்கும். எங்கள் குழுவில் அதிகம் கூடை போட்டவன் நான். அதில் பாதிக்கு மேல் அவன் கொடுத்தவை. நோட்டைத் திறந்தால் என் பெயருக்குப் பக்கத்தில் கோடு கோடாக இருக்கும்.

அந்த வருஷம் வெளியூர் ஆலை ஒன்று தன் குழுவுக்கு ஓர் ஆட்டக்காரனை எடுக்க ஆள் அனுப்புவதாகக் கடிதம் வந்தது. எடுத்தால் நிரந்தர வேலை. என் வீட்டிலும் கஷ்டம்தான், ஆனால் எனக்கு யாரும் கெடு வைக்கவில்லை. அவனுக்கு வைத்திருந்தார்கள். "இந்த வருசத்தோட பந்த மூட்ட கட்டி வெச்சிட்டு மண்டில வந்து குந்து" என்று அவன் நைனா சொல்லிவிட்டார். ஆடிக்கொண்டே பிழைக்க அவனுக்கு இருந்தது அந்த ஒரு வழிதான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆலை அனுப்பிய ஆள் வந்த நாள் அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் அவருக்கு பஸ் கிடைக்காமல், ஆட்டம் முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது வந்து சேர்ந்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் யாரும் பிரமாதமாக எதுவும் செய்துவிடவில்லை. மற்றவர்கள் டீ சொல்லப் போனார்கள். அவர் நோட்டைக் கேட்டார். பக்கத்தில் இருந்த நான் எடுத்துக் கொடுத்தேன்.

பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். விவரமான மனிதர். பெயர் பெயராக விரல் வைத்துக் கூட்டினார். என் நண்பனின் பெயர் கொடுத்தவன் பத்தியில் ஓர் இடத்தில்கூட இல்லை.

"அந்தத் தம்பி யாருக்குமே பாஸ் கொடுக்க மாட்டாரா?" என்றார். நான் குனிந்து காலில் இருந்த மண்ணைத் தட்டினேன். அவரே கோடுகளைக் காட்டி, "இதெல்லாம் நீங்க தனியா போட்டதா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

யோசித்துச் செய்ததல்ல என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நன்றாக யோசித்தேன். நிமிர்ந்தபோது அவன் நாலடி தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். ராஜகிரி மலைக்குப் பின்னால் பொழுது போய்விட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அவன் சாப்பிடப் போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நோட்டை வாங்கி மூடினேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. பையன்களுக்கு ஆச்சரியம்தான். "கண்ணுதான் தெரியலயா அந்த ஆளுக்கு?" என்று முணுமுணுத்தார்கள். நான் அவர்களிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் என் பெட்டியைத் தூக்கி மேலே போட்டவன் அவன். "ஒடம்பப் பாத்துக்க" என்றான். அடுத்த வாரமே மண்டியில் உட்கார்ந்துவிட்டானாம்.

ஆலைக் குழுவில் நான் சுமாராகத்தான் ஆடினேன். பளபளப்பான தரை, நல்ல பந்து, எல்லாம் இருந்தது. தனியாக ஒரு கூடை போட எனக்குத் தெரியவில்லை என்பது இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேலை நிரந்தரம் என்பதால் அனுப்பவில்லை.

மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தபோது மண்டிக்குப் போனேன். தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் பருத்திருந்தான். எனக்கும் இரண்டு கொடுத்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தலையாட்டியது உட்பட. அவன் மல்லாட்டையை உடைத்துக்கொண்டே கேட்டான். அது எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு செய்தவன் நான், கோபமும் எனக்கே வந்தது.

"நீயுந்தான பக்கத்துல நின்ன? உனக்கு வாய் இல்லியா? நீயே சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையில் இருந்த தோலை உதறினான்.

"நானே எப்பிட்றா சொல்லிக்கிறது? நீ சொல்லுவேன்னு நின்னுகினு இருந்தேன்."

அதற்குள் ஒரு வண்டி வந்து நின்றது. அவன் எழுந்து மூட்டைகளை எண்ணப் போனான். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.