பெயர் சொல்லாத ஜெப விண்ணப்பம்

பள்ளிப் பேருந்தைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, எட்டே முக்காலுக்குத்தான் வெர்னா டேவ்ஸ் கைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். இருபத்தேழு செய்திகள். புதன்கிழமைகளில் சபையின் ஜெபக் குழுவில் நாலைந்து ஆமென் வரும், யாராவது கைகூப்பிய படம் போடுவார்கள். அதற்கு மேல் வந்து அவள் பார்த்ததில்லை.

கடைசிச் செய்தி மார்லிஸ் பென்னருடையது. "டோரீனுக்கு நூடுல்ஸ் காசரோல் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிப்பிடித்து அழுதேன். பாவம், ஒரு வார்த்தை பேசவில்லை."

வெர்னா யார் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. காலை ஆறு மணிக்கு, வண்டி சூடாகக் காத்திருந்த நேரத்தில் எழுதியது இவ்வளவுதான்: "நான் வேதத்தில் நடத்திவரும் ஒரு சகோதரி மதுப்பழக்கத்தோடு போராடுகிறார். ஐம்பத்திரண்டு நாள் ஜெயம். பெயர் வேண்டாம். ஜெபத்தில் தாங்குங்கள்." எழுதும்போது மனசு நிறைந்துதான் இருந்தது. அனுப்பிவிட்டு நாற்பது பிள்ளைகளை ஏற்றி இறக்கக் கிளம்பிவிட்டாள். ஓட்டும்போது போனைத் தொடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பெயர் எதற்கு? அந்த இலையுதிர்காலத்தில் வெர்னா நடத்திவந்தது ஒரே ஒருத்தியை. செவ்வாய்தோறும் காபிக் கடையின் ஜன்னலோர மேஜையில் இரண்டு பேரும் வேதத்தை விரித்து உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்துக்கொண்டு போகும். குழுவில் இருந்த நாற்பத்தாறு பேருக்கும் கணக்குப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வெர்னாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. மானிடோபா மாகாணத்தின் தெற்கே கோழிப் பண்ணை வீட்டில் பிறந்து, பத்தொன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். பதினான்கு வருடத்தில் பதினோரு பெண்களை ஒவ்வொருவராக உட்காரவைத்துச் சீஷத்துவத்தில், இயேசுவின் வழியில் வாழும் பயிற்சியில், நடத்தியிருக்கிறாள். வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிற ரகம் இல்லை. "ஞாயித்துக்கிழமை பாட்டுப் பாடுறப்ப இயேசு ஆண்டவர்னு யார் வேணாலும் சொல்லலாம்மா. உன் நாத்தனார் போன் பண்றப்ப அவர் ஆண்டவரா இருந்தாரா? அதச் சொல்லு" என்பாள். வாரத்துக்கு ஒன்று: கோபம், கடைத்தெரு, படுக்கை, அடுப்படி. நாவுக்கு மட்டும் மூன்று வாரம். அந்தப் பாடத்தில் அவளை அடிக்க மாகாணத்திலேயே ஆள் கிடையாது, அவளைக் கேட்டால்.

டோரீன் ஹீபர்ட் அவளைவிட நான்கு வயது மூத்தவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. போன வசந்தத்தில்தான் ஞானஸ்நானம் எடுத்தாள். நேற்றுச் செவ்வாய், நாவைப் பற்றிய மூன்றாவது வாரம். டோரீன் காபியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். பதினோரு வருடமாகத் துணி துவைக்கும் அறையில் சோப்புப் பொடிக்குப் பின்னால் ஒரு வோட்கா புட்டி இருக்கிறது. கணவன் லாயிடுக்குக்கூடத் தெரியாது. செப்டம்பரில் நிறுத்தினாள். அறுபதாவது நாள் அவனிடம் சொல்லப் போகிறாள்.

"நானே சொல்லணும் வெர்னா. வேற யார் வாயிலேர்ந்தும் அந்த மனுஷன் இதக் கேக்கக் கூடாது. கேட்டா என்னால தாங்க முடியாது. மறுபடி அந்தப் புட்டிக்கிட்டதான் போவேன், எனக்கு என்னைத் தெரியும்."

"இந்த மேஜைய விட்டு ஒரு வார்த்தை போகாது" என்று வெர்னா அவள் கையைப் பிடித்துச் சொன்னாள். சொல்லும்போது அதைத்தான் நினைத்தாள், அதில் பொய்யில்லை. ஜெப விண்ணப்பத்தை வார்த்தை என்றே அவள் நினைக்கவில்லை, கோளாறு அங்கேதான்.

லாயிட் எண்ணெய் லாரி ஓட்டுகிறான். பத்து மணிக்கு ஊர் ஆண்கள் எல்லோரும் தானியக் கிடங்கு அலுவலகத்தில் காபிக்குக் கூடுவார்கள். மார்லிஸின் கணவன் அங்கே முதல் ஆளாக உட்காருகிறவன். இப்போது மணி ஒன்பது அடிக்கப் போகிறது.

நான்கு முறை டோரீனை அழைத்தாள். அடித்து அடித்து நின்றது. காரை எடுத்தாள். பன்னிரண்டு கிலோமீட்டர். சாலையின் குறுக்கே காற்றில் பனித்தூள் ஓடிக்கொண்டிருந்தது, வேகமாகப் போக வழியில்லை. போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். "ஜெபத்துக்காகத்தான் டோரீன். பெயரச் சொல்லல. உன்மேல இருக்கற அன்புலதான்." மூன்றாவது தடவை அது மிக நன்றாக வந்தது. அவ்வளவு நன்றாக வந்ததில் அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது.

டோரீனின் கார் வாசலில் நின்றது. மார்லிஸின் காலடிகள் முன்கதவு வரை போய்த் திரும்பியிருந்தன. தட்டினாள். பதில் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தால் மேஜைமேல் வெள்ளித்தாள் மூடிய காசரோல் பாத்திரம், பிரிக்கப்படாமல். மார்லிஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு மணி நேரத்தில் ஒரு மனுஷி எவ்வளவு குடிக்கலாம்? ஆண்டவரே, ஆண்டவரே என்பதற்கு மேல் ஜெபம் ஓடவில்லை. பின்கதவு பூட்டியிருக்கவில்லை.

டோரீன் துணி துவைக்கும் அறையில், கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் புட்டி. மூடி தரையில் கிடந்தது.

"வந்துட்டியா, சபையோட ஒலிபெருக்கி" என்றாள் டோரீன். குரல் குழறவில்லை.

"குடிச்சியா?"

"மோந்து பாத்தேன். அதையும் போய் எழுது. ஐம்பத்து மூணாவது நாள், சகோதரி மோந்து மட்டும் பார்த்தார்."

வெர்னா வாயைத் திறந்தாள். ஜெபத்துக்காகத்தான் என்பது நாக்கு நுனி வரை வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். டோரீனின் முகத்தைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றது.

"நீ என்கிட்ட சொன்னது எனக்குப் பெருமையா இருந்துது" என்றாள். "பதினோரு பேர்ல யாரும் இவ்வளவு பெரிய விஷயம் சொன்னதில்ல. வெர்னாகிட்ட இப்படியெல்லாம் மனசத் திறக்கறாங்கன்னு குழுவுல எல்லாருக்கும் தெரியணும்னு இருந்துது. ஜெபம்னு பேர் வெச்சு அதப் போட்டேன்."

வெளியே வந்த வார்த்தைகளைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"அத எழுது" என்றாள் டோரீன். "இப்ப சொன்னியே, அத அப்படியே. அந்த நாப்பத்தாறு பேருக்கும்."

"டோரீன்..."

"ஏன், உன் ஆண்டவர் அந்தக் குழுவுல இல்லையா?"

வெர்னா போனை எடுத்தாள். இதை அனுப்பினால் இனி எந்தப் பெண்ணும் அவள் எதிரே வந்து உட்காரப் போவதில்லை. பதினான்கு வருடம் ஒரே நிமிஷத்தில் போய்விடும். ஐந்து வரி எழுதினாள். என் பெருமைக்காகச் செய்தேன் என்ற வரியை ஒரு தடவை அழித்தாள், மறுபடி சேர்த்தாள். அனுப்பினாள். போன் உடனே அதிரத் தொடங்கியது. அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"இந்தா" என்று டோரீன் புட்டியை நீட்டினாள். "நீ ஊத்து. என் கைக்கு அது முடியல."

தொட்டியில் ஊற்றினாள். அறை முழுக்க நெடி ஏறியது. டோரீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத" என்றாள். "கோவம் அப்படியேதான் இருக்கு. ஆனா லாயிட் வந்தா எனக்குத் தனியா நிக்க பயமா இருக்கு. நீ பக்கத்துல உக்காரு. வாயத் திறக்கக் கூடாது. உன்னால முடியுமா?"

"முடியும்" என்றாள் வெர்னா. முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சமையலறை மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். பத்து இருபதுக்கு எண்ணெய் லாரி வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. அவன் மதியத்துக்கு முன்னால் வீட்டுக்கு வருகிறவனே இல்லை.

லாயிட் பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். தொப்பியைக் கையில் எடுத்துப் பிசைந்தான். மனைவியை ஒரு தடவை பார்த்தான். அவளிடம் கேட்கத் தைரியம் வராமல் பார்வை நேராக வெர்னாவிடம் வந்தது. இருபது வருடமாக அந்தச் சபையில் எந்தக் குடும்பத்துக்கு என்ன என்றாலும் எல்லோரும் வெர்னாவைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

"வெர்னா, அங்க என்னென்னவோ பேசறாங்க. நிஜமா?"

பதில் அவளிடம் தயாராக இருந்தது. மென்மையாக, அவன் மனம் நோகாதபடி, ஒரு வசனத்தோடு அழகாகச் சொல்லியிருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. லாயிட் காத்திருந்தான். அவள் தலையைக்கூட அசைக்கவில்லை.

பக்கத்து நாற்காலி நகர்ந்தது. டோரீன் எழுந்து நின்றாள்.

"என்னக் கேளு லாயிட்" என்றாள். "நான் சொல்றேன்."