உறையிலிருந்து வெட்டிய தபால்தலைகள்

கொடைக்கானலில் பழைய தபால்தலையும் ரூபாய் நோட்டும் சேர்ப்பவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். அதில் என்னைத் தவிர யாருக்கும் தாங்கள் சேர்ப்பது என்னவென்று தெரியாது. அப்படித்தான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். பஜாரில் சின்னக் கடை. கண்ணில் மாட்டிய லென்ஸோடு ஒருநாள் தற்செயலாக ஒரு பழைய தபால்தலையைப் பார்த்தேன். அன்றிலிருந்து இந்தப் பைத்தியம். எஃகுத் தகட்டில் ஒருவன் கையால் கோடு கோடாகச் செதுக்கியிருக்கிறான். அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பித் தாளை அழுத்தி எடுத்திருக்கிறார்கள். விரலால் தடவினால் கோடு மேடாகத் தட்டுப்படும். அதிலிருக்கும் ராஜாவின் கன்னத்தில் நிழல் என்று நாம் பார்ப்பது நூற்றுக்கணக்கான கோடுகள். ஒன்றோடொன்று இடிக்காது.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் ஒரு ரிசார்ட் முதலாளி. அவர் பழைய நோட்டுகளை எல்லாம் ரேஷன் கார்டு மாதிரி லேமினேட் செய்து வைத்திருந்தார். பிளாஸ்டிக்குக்குள் போனபின் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? கேட்டேன்.

“தூசி படாதுல்ல, வாட்ச்சுக்காரரே” என்றார். அவரோடு பேசும்போதெல்லாம் என் முகம் எப்படி இருக்குமோ தெரியாது. அவர் கவனித்ததில்லை.

என் கடை வாசலில் பட்டர் ஃப்ரூட்டும் பிளம்ஸும் விற்கும் அக்கா ஒருவர் உண்டு. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பெற்றோரோடு கப்பலேறித் திரும்பி வந்தவர். போன வருஷம் ஒருநாள் நான் தபால்தலை பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, மறுநாள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“அப்பா தோட்டத்துக்கு மொதல்ல தனியாத்தான் போனாரு தம்பி. அங்கேருந்து அம்மாவுக்குப் போட்ட காயிதம். அம்மா ஒண்ணைக்கூட வீசல.”

முப்பது உறைகளுக்கு மேல் இருந்தன. தேயிலை பறிக்கும் பெண், ராஜாவின் தலை, தோட்டத்துத் தபாலாபீஸ் முத்திரை. எல்லாம் செதுக்கு அச்சு. ஒரு உறையை மட்டும், நன்றாகப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டு எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலாளிக்குச் செய்தி எட்டியது. நானே சொன்னதுதான். ரிசார்ட்டில் பழங்காலப் பொருட்களுக்கென்று ஒரு மூலை அமைக்கப் போவதாகவும், கடிதங்களைக் கண்ணாடிக்குள் வைத்து அப்பா பெயரையும் எழுதுவதாகவும் அக்காவிடம் சொன்னார். அக்கா என்னைப் பார்த்தார். “நல்ல மனுசங்களா தம்பி?” நான் தலையாட்டினேன். டின்னைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டு ஆல்பத்தைக் காட்டினார். உறைகளின் மூலையை வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, தபால்தலைகளை உரித்து வரிசையாக ஒட்டியிருந்தார். ஒன்றிரண்டில் வண்ணம் வெளிறியிருந்தது. முத்திரையோடு முழு உறையாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு என்பது, சேர்க்க ஆரம்பித்த முதல் வாரத்தில் எவனும் தெரிந்துகொள்வது.

“லெட்டரெல்லாம் எங்கே?”

“பழைய பேப்பர்தானே? கரப்பான் வரும்னு பசங்க பாய்லர்ல போட்டுட்டாங்க.”

விருந்தாளிகள் குளிக்க வெந்நீர் காய்ந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னார். மனதுக்குள் அவரை என்னவெல்லாமோ திட்டினேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரே மாதிரி இரண்டு இருக்கும் தபால்தலைகளில் எனக்குக் கொஞ்சம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

இரண்டு வாரத்தில் அந்த மூலைக்குத் திறப்பு விழா. அக்கா பட்டுச்சேலை கட்டி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஆல்பத்திலிருந்து கண்ணாடிச் சட்டத்துக்கு மாற்றியிருந்த தபால்தலைகளைப் பார்த்தார். சுற்றித் தேடினார்.

“அப்பா எழுத்து எங்கங்க?”

“உள்ளே சேஃபா இருக்கும்மா” என்றார் முதலாளி, கையில் கேக்குத் தட்டோடு.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “பாய்லர்ல எரிச்சுட்டாங்க, அக்கா” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. முதலாளி ஆங்கிலத்தில் ஏதோ சமாளித்தார். பெரிய காரியம் செய்துவிட்டதாக நான் நிமிர்ந்து நின்றேன்.

அக்கா அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஒனக்கு எப்பலேருந்து தெரியும் தம்பி?”

“ரெண்டு வாரமா…”

“தெனம் எங்கிட்டதான ஒக்காந்து டீ குடிச்ச?”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

என்னிடம் இருந்த அந்த ஒரு உறையைத் திருப்பித் தரும் எண்ணம் அதுவரை எனக்கு இருக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தேயிலைப் பெண்ணின் கூடைப் பின்னல் ஒவ்வொன்றும் தெரியும் அளவுக்குத் துல்லியமான அச்சு. அது என்னிடம் இருப்பதை அக்காவும் மறந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாங்கிய உடனே மகளிடம் கொடுத்தார். மகள் உரக்க வாசித்தாள். மழை விடவில்லை, தோட்டத்து லயத்து அறையில் கூரை ஒழுகுகிறது, கம்பளி காயமாட்டேன் என்கிறது, ஆடு குட்டி போட்டுவிட்டதா, நீ இளைத்துப் போனதாகச் சொல்கிறார்களே, வெள்ளனே சாப்பிடு. அவ்வளவுதான். ‘ஆடு குட்டி போட்டுவிட்டதா’ என்ற இடத்தில் அக்கா சிரித்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை.

வாசித்து முடித்ததும் அக்கா உறையை வாங்கி, தபால்தலை இருந்த மூலையை விரலால் கிழித்து என் பக்கம் நீட்டினார். கோணலாகக் கிழிந்தது, கூடை பாதியோடு.

“ஒங்களுக்கெல்லாம் இதான வேணும்? எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க.”

அதுவரை என்னை அவர் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிழிசல் தபால்தலையைத் தொட்டபடியே பஸ் ஸ்டாப்புவரை நடந்தேன். கோடு விரலில் தட்டுப்பட்டது.

முதலாளிக்குத் தபால்தலை அலுத்துவிட்டது. இப்போது பழைய டைப்ரைட்டர் வாங்கிக் குவிக்கிறார் என்று கேள்வி. அக்கா பழக்கூடையை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கம் போய்விட்டார். கடைக்கு முன்னால் இப்போது வேறொருவர் சோளக்கதிர் சுடுகிறார்.