கூடைக்கயிறு பட்ட இடம்

எங்கள் தைலம் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது சாராயப் போத்தலில்தான். குடித்துவிட்டு எறிந்த கால் போத்தல்களைப் பொறுக்கி, வெந்நீரில் கழுவிக் காயவைத்து ஊற்றுவோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் இருட்டில் தடவி எடுத்துக் குடித்தேவிட்டார். வயிறு படாதபாடு பட்டது. "கழுத்துவலி போயிருச்சா?" என்று நான் கேட்டதிலிருந்து மனிதர் என்னோடு பேசுவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்வது என் வேலை. அண்ணி, அதாவது என் அண்ணனின் மனைவி, சின்ன வயதிலிருந்தே கொழுந்து பறித்தவர். முதுகில் தொங்கும் கூடையின் கயிறு தலை உச்சியில்தான் மாட்டியிருக்கும். பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். அந்த வலிக்காகத்தான் அண்ணி தைலம் காய்ச்சத் தொடங்கினார். நல்லெண்ணெய், யூகலிப்டஸ் இலை, நொச்சி, பூண்டு, ஓமம். சட்டி அடுப்பில் ஏறினால் லயத்தின் கடைசிக் காம்பராவில் தும்முவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் வந்து எங்கள் வாசலில் குந்திவிடுவார்கள். அண்ணி தலையும் கழுத்தும் தோளும் தேய்த்துவிடுவார். நான் ஊர்க்கதை பேசுவேன். பாதி வலி என் வாய்க்குப் பயந்தே ஓடிவிடுகிறது என்று அண்ணி கேலி செய்வார். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் மனது ஏங்குகிறது.

பிறகு ஹாலிஎல ஸ்டேஷன் ரோட்டில் தேய்த்துவிடுவதற்கென்றே ஒரு சின்ன அறை எடுத்தோம். உட்கார ஒரு வாங்கு, ஒரு திரை, வெந்நீருக்கு ஓர் அடுப்பு. அறை வந்ததும் அண்ணிக்கு ஆசை வளர்ந்தது. பதுளை டவுன் கடையில் எங்கள் தைலம் நிற்க வேண்டும், அதுவும் தோட்டத்துப் பொம்பளைகளின் தைலம் என்ற பேரோடு நிற்க வேண்டும். டவுனில் எங்களைக் கண்டால் கடைசியாகத்தான் சாமான் கட்டுவார்கள். அந்தக் கோபம் அவருக்குள் நெடுநாளாக இருந்தது.

ஆனால் ஊரார் தலையெல்லாம் தொட்டுத் தேய்த்த அண்ணி, தன் தலையை மட்டும் யாரையும் தொட விட்டதில்லை. கயிறு உரசி உரசி உச்சியில் முடி போயிருந்தது. எல்லாருக்கும் கொஞ்சம் போகும், அவருக்கு அதிகம். வீட்டுக்குள்கூட முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார். நானே பார்த்ததில்லை.

பதுளைக் கடைவீதியில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா எங்கள் போத்தலை மோந்து பார்த்தார். "எண்ணெ நல்லம் தங்கச்சி. ஆனா படம் ஒண்டு வேணும். படம் இல்லாத சாமான யாரு நம்பி வாங்குற?" என்றார்.

படத்துக்கு ஸ்டூடியோ போனோம். அண்ணி என் கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டி, தலை மறையப் பூ வைத்து, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டார். நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து சிரித்தார். அந்தப் படத்தை அச்சடித்துப் புதுப் போத்தல்களில் ஒட்டினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நானாவின் கடைத்தட்டில் அது ஏறியது. சவர்க்காரத்திலும் ஊதுபத்தியிலும் சிரிக்கிற பெண்கள் ஏற்கெனவே நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். அவர்களோடு அண்ணியும் ஒருத்தியாகச் சிரித்துக்கொண்டு நின்றார். போத்தல்கள் அசையவில்லை.

அதைவிட மோசம் எங்கள் அறையில் நடந்தது. வழக்கமாக வரும் ஒரு அக்கா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தத் தொரைசாணி? இவங்களுக்கு எப்ப கழுத்து வலிச்சிச்சு? எங்களுக்குப் பழைய போத்தல்லயே குடுங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கண்ணு தெரியலியா? எதுக்க ஒக்காந்திருக்காங்களே, அவங்கதான்" என்றேன்.

அவர் படத்தையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா? நம்ம ஆளு மாதிரியே இல்லியே" என்றார். அண்ணி முந்தானையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் அண்ணியே, "இன்னொரு போட்டோ புடிக்கணும், வாங்க" என்று கூப்பிட்டார். கொழுந்து மலைக்குப் போகிற பழைய சேலையோடு வந்திருந்தார். ஸ்டூடியோவில் கேமராவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கம் திரும்புங்க நோனா" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"மொகம் வேணாங்க. இதைப் புடிங்க" என்று சொல்லி, அண்ணி முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினார்.

முன்னும் பின்னும் நரைத்த முடி, நடுவில் காதுக்குக் காது பட்டையாக வெறும் தோல். அதற்குக் கீழே ஒரு பக்கம் சாய்ந்த கழுத்து. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டார்.

புதுப் படத்தைப் பார்த்து நானா தலையைச் சொறிந்தார். "இதென்ன தங்கச்சி, வழுக்கையப் போட்டு வெச்சிரிக்கிற? ஆக்கள் பயந்து ஓடுற" என்றார். நான் சண்டைக்கு முந்தானையைச் சொருகுவதற்குள், என்ன நினைத்தாரோ, போத்தல்களை வாங்கி முன்தட்டில் அடுக்கினார்.

சம்பளம் போட்ட வாரத்தில் மறுபடியும் போத்தல் கொடுக்கப் போயிருந்தோம். கடையில் நல்ல கூட்டம். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் எங்கள் போத்தலைக் கையில் எடுத்தார்கள். ஒருவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மற்றக் கை தானாகத் தன் உச்சித்தலைக்குப் போய், துணிக்கு மேலே எதையோ தடவியது. பக்கத்தில் நின்ற அண்ணியை அவருக்கு யாரென்று தெரியாது.

"இது எங்க தோட்டத்துப் பொம்பளதானே?" என்று அண்ணியிடமே கேட்டார்.

அண்ணி போத்தலைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ஆமாக்கா, ஒங்க தோட்டந்தான்" என்றார்.