சில்லின் மூச்சைக் கேட்பவர்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, காலை பதினொன்றே கால் மணி. சில்லு வடிவமைப்பாளர் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார், அப்படித்தான் தோன்றியது. செப்புத் தகடு பதித்த சிறிய அறை. ஜன்னல் கிடையாது, விளக்கும் அணைந்திருந்தது. ஒரு திரையின் பச்சை வெளிச்சம் மட்டும், குளத்தின் அடியில் விழும் வெயிலைப் போலச் சுவரில் அசைந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பெரிய ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு, வாய் சற்றே திறந்திருக்க, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்மணி நாற்காலியில் சாய்ந்து கண்மூடிக் கிடந்தார். பல ஆண்டு உழைப்பைத் தீப்பெட்டி அளவுள்ள ஒரு பெட்டியில் போட்டு எடுத்து வந்திருந்த வடிவமைப்பாளருக்குச் சுருக்கென்றது. இவரிடமா இதை ஒப்படைப்பது?

"தூங்கல சார்," என்றார் அவர், அசையாமலே. "கதவைச் சாத்துங்க. வெளிய யாரோ போன் பேசுறாங்க. அந்த அலை உள்ள வந்து கொசு மாதிரி கத்துது."

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரைக் 'கன்னக்கோல் அக்கா' என்று அழைக்கிறார்கள். சுவரைக் குடைந்து வீடு புகும் திருடர்களின் கருவிதான் கன்னக்கோல். அவர் குடைவது சுவரையன்று, குறியாக்கத்தை. பணம், கடிதம், மருத்துவக் குறிப்பு என்று நாம் பிறர் கண்ணில் படாமல் அனுப்புகிற எல்லாவற்றையும் பூட்டி வைப்பது குறியாக்கம். இன்றைய பூட்டுகளை நாளை வரப்போகும் கணினிகள் திறந்துவிடும் என்ற அச்சத்தில், உலகம் இப்போது புதிய கணக்குகளால் புதிய பூட்டுகள் செய்துகொண்டிருக்கிறது. அவற்றைச் சந்தைக்கு விடுமுன் உடைத்துப் பார்ப்பது அவர் வேலை. உடைந்தால் சம்பளம், உடையாவிட்டாலும் சம்பளம். "திருட்டுத் தொழில்லயே பென்ஷன் உள்ள வேலை இது ஒண்ணுதான்," என்பார்.

கணக்கோடு அவர் மல்லுக்கு நிற்பதில்லை. அதைக் கணித அறிஞர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கணக்கைப் போடுவது ஒரு சில்லு, நகமளவு மின்னணுச் 'சிப்'. சில்லு மின்சாரம் குடிக்கிறது. ஓர் எண்ணுக்கு ஒரு மிடறு கூடுதல், இன்னோர் எண்ணுக்கு ஒரு மிடறு குறைவு. அந்த ஏற்ற இறக்கத்தைப் பொறுமையாக அளந்தால் உள்ளே ஓடும் இரகசிய எண், அதாவது பூட்டின் சாவி, மெல்ல மெல்லத் துலங்கிவிடும். பிறர் அதைத் திரையில் அலைகளாகப் பார்க்கிறார்கள். இவரோ அலைகளை ஒலியாக்கிக் கேட்கிறார். சந்தேகம் எழுந்த இடத்தைப் பிறகு கணினியிடம் கொடுத்து முறைப்படி சரிபார்ப்பார் என்றாலும், சந்தேகம் முதலில் எழுவது காதில்தான். "கண்ணு தனக்குப் பிடிச்சதைப் பாத்துக்கும் சார். காதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் பத்தாது."

வேலையைத் தொடங்குமுன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி அறைக்கு வெளியே ஒரு சோப்புப் பெட்டியில் போடுவார். பிறகு சில்லைப் பலகையில் பொருத்தி, அதன் முதுகில் மின்சாரத்தை அளக்கும் ஊசிமுனையை வைத்து, அதனோடு பேசத் தொடங்குவார். அதட்டுவது கிடையாது. காய்ச்சலில் படுத்திருக்கும் குழந்தையிடம் பேசும் குரல். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம் கண்ணு. சும்மா மூச்சு விடு, போதும்."

பிறருடைய சாவிகளை இப்படிப் பறிப்பவருக்குத் தன் சாவி எதுவும் நினைவில் நிற்பதில்லை என்பது ஆய்வுக்கூடத்தின் நிரந்தர வேடிக்கை. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் நின்று அவரை அழைப்பார் இவர். "ஏங்க, நம்ம நம்பர் என்ன?" லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருக்கும் மனிதர், சரியாகக் கேட்காதோ என்ற கவலையில், அடிவயிற்றிலிருந்து கத்திச் சொல்வார். அந்தக் கட்டடத்தின் எல்லா மாடிகளுக்கும் அவர்களுடைய இரகசிய எண் தெரியும்.

வடிவமைப்பாளர் கொண்டுவந்த சில்லு, நெஞ்சுக்குள் பொருத்தி இதயத் துடிப்பைச் சீராக்கும் ஒரு கருவிக்கானது. வெளியிலிருந்து மருத்துவர் அதனோடு பேசலாம். சாவி வேறொருவர் கையில் சிக்கினால் அவரும் பேசலாம். அதனால் இரகசிய எண்ணை எப்போதும் இரண்டு துண்டாகப் பிரித்தே வைத்திருக்கும்படி அமைத்திருந்தார் வடிவமைப்பாளர். ஒவ்வொரு முறையும் புதிதாக, மனம் போன போக்கில் உடைத்த துண்டுகள். ஒரு துண்டை மட்டும் ஒட்டுக்கேட்பவருக்கு வெறும் இரைச்சலே கிடைக்கும். அந்த அமைப்பின்மேல் அவருக்கு இருந்தது கர்வம் என்று சொன்னால் மிகையாகாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு வரும் சில்லுக்குள் ஏதேனும் ஒரு வாசகத்தைப் பூட்டி வைக்க வேண்டும். சாவி கிடைத்ததற்கு அதைப் படித்துக் காட்டுவதே சாட்சி. பிற இடங்களில் பொருளற்ற எழுத்துகளைப் பூட்டுவார்கள். இங்கே, செய்தவர் தன் கைப்பட ஒரு வாக்கை எழுதிப் பூட்டுகிறார்; உடைத்துப் படிப்பவர் கேட்டால் அதை நிறைவேற்றியாக வேண்டும். ஒருவர் மீசையை எடுப்பதாக எழுதி, எடுத்தும் விட்டார். அவருடைய மகள் இரண்டு நாள் அவரிடம் போகவில்லையாம். இன்னொருவர் உணவுக்கூடத்தில் பாடினார். அவரை நடுவில் நிறுத்தச் சொன்னதும் அக்காதான்.

தூங்குமூஞ்சியிடம் மாட்டிக்கொண்டோமே என்ற எரிச்சல் ஆறுமுன் வடிவமைப்பாளர் தம் வாக்கை எழுதினார். 'இதைப் படிப்பவர் சொன்ன மாத்திரத்தில் இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன். இனி யாருக்கும் பூட்டுச் செய்ய மாட்டேன்.' எழுதிப் பூட்டிவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார். வேறு தொழில் எதுவும் அவருக்குத் தெரியாது, விருப்பமும் இல்லை. உடையாது என்று தெரிந்தவனுக்கு எதை எழுதினால் என்ன?

வாரங்கள் கடந்தன. அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பார். அக்கா அதே சாய்வில், அதே பச்சை வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருப்பார்.

"என்ன மேடம், ஏதாவது சொல்லுதா?"

"ரொம்ப நல்ல வளர்ப்பு சார். வாயே திறக்க மாட்டேங்குது."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் சிரித்துவிட்டுப் போவார்.

ஒருநாள் மதிய உணவுக்குப் பிறகு அழைப்பு வந்தது. "வேலை இருந்தா முடிச்சிட்டு வாங்க சார். அவசரமில்ல." அவசரமில்லை என்று அவர் சொன்ன விதத்தைக் கேட்டதும் வடிவமைப்பாளர் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அக்கா ஹெட்ஃபோனை அவர் தலையில் மாட்டினார். முதலில் மழை ஒலி மட்டும் கேட்டது. எங்கோ தொலைவில், முடிவில்லாமல் பெய்கிற மழை. ஆயிரமாயிரம் முறை பதிவு செய்ததை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். மழை மெல்ல மெல்ல வெளுத்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒரு சுவாசம் எழுந்தது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்ன விக்கல்.

"கேட்டுச்சா?"

கேட்டது. தம் நிரலின் எந்த வரி அது என்றும் அவருக்குப் புரிந்தது. இரண்டு துண்டுகளையும் அவர் தனித்தனியாகத்தான் வைத்திருந்தார். ஆனால் அவர் எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்றிய மென்பொருள், இடத்தை மிச்சம் பிடிப்பதாக எண்ணி, முதல் துண்டு இருந்த அதே நினைவகத் தட்டில், அதைத் துடைக்காமலே, இரண்டாம் துண்டை வைத்துவிட்டது. ஒன்று மற்றொன்றாக மாறிய அந்தக் கணத்தில் இரண்டும் சேர்ந்து ஒரு மூச்சு விட்டன. மாற்றி வந்த நிரலை அவர் ஒருமுறை வரி வரியாகப் பார்த்திருந்தால் கண்டிருப்பார். தாம் எழுதியதே போதும் என்று இருந்துவிட்டார்.

"எப்படிச் சரி பண்றதுன்னு நான் சொல்லக் கூடாது சார்," என்றார் அக்கா. "எங்க வலிக்குதுன்னு காட்டலாம். அவ்வளவுதான் என் வேலை."

"உள்ள எழுதியிருந்ததைப் படிச்சீங்களா?"

"படிக்காம எப்படி? அதுதானே சாட்சி." அவர் ஊசிமுனையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். "டைப் அடிச்சதுதான், ஆனா கையெழுத்து மாதிரி இருந்துச்சு. எழுதும்போது நல்ல கோபம் போல."

வாக்கை நிறைவேற்றும்படி கேட்கவில்லை. பூட்டு உடைந்தது, வாசகம் படிக்கப்பட்டது என்று அறிக்கையில் ஒளிவுமறைவின்றி எழுதினார். கருவி வெளிவருவது நின்றது. ஆனால் உடைத்த வாக்கைத் தேநீர் அறையின் பலகையில் எல்லாரும் பார்க்க எழுதுவது வழக்கம். அன்று மாலை கூட்டமே காத்திருந்தது.

"எழுதுங்கக்கா, என்னதான் குடுத்தாரு?"

"எழுத மாட்டேன்."

"ஏன், காதல் கடிதமா?"

"ஆமா. கணக்குக்கு எழுதினது. உங்களுக்கெல்லாம் வயசு பத்தாது, போங்க."

வாசலில் நின்ற வடிவமைப்பாளருக்குக் கூட்டத்தின் சிரிப்பொலி, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. இன்று விட்டுவிட்டார், நாளை கேட்பார். கேட்டால் மறுக்க முடியாது. வாக்கைத் தாமே அறிவித்துவிட்டு விலகிவிடலாமா என்றும் யோசித்தார். வாசகத்தின்படி அக்கா சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை.

அன்றுமுதல் தினமும் அலுவலக அலமாரியிலிருந்து இரண்டு இரண்டு புத்தகமாக வீட்டுக்குக் கொண்டுவரலானார். எந்த நாளும் கடைசி நாளாகலாம். அன்று மூட்டை கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. "கட்டிலுக்கு அடியில கூட இடம் இல்ல," என்றார் மனைவி. "ஆபீஸையே காலி பண்றீங்களா, இல்ல நம்மளையா?" அவர் இன்னும் இரண்டு புத்தகத்தைப் பரண்மேல் ஏற்றினார். பகலில் பழுதைத் திருத்தினார். இம்முறை மாற்றி வந்த நிரலை வரி வரியாக, தட்டு தட்டாகப் படித்தார். ஒரு துண்டு போனதும் தட்டைக் கழுவி, வெறும் எண்ணால் நிரப்பி, அதன் பிறகே மறு துண்டை வைத்தார். சில வேளைகளில் மேசையிலேயே கண் செருகும். அப்போது அந்த மழையும், மழைக்குப் பின்னிருந்த சுவாசமும் கேட்கும். விக்கல் வரும் இடத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து விழித்துக்கொள்வார்.

இதற்கிடையே அக்காவிடமிருந்து அழைப்பு வராமலில்லை. தொலைபேசியில் அவர் எண்ணைப் பார்த்ததும் இவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டே எடுப்பார். ஒருமுறை ஊசிமுனை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டார். இன்னொருமுறை, "சார், நம்ம லேப் வாசல் கதவு நம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? வெளிய நிக்கிறேன்," என்றார்.

புதிய சில்லு வந்தது. அதற்குள்ளும் ஒரு வாக்கு. அக்கா இளவேனில் முழுவதும் அதைக் கேட்டார். சூடாக்கிக் கேட்டார், குளிரவைத்துக் கேட்டார், மின்சாரத்தைச் சட்டென்று குறைத்து அது தடுமாறுகிறதா என்று பார்த்தார். கடைசியில் மழை வெளுக்கவே இல்லை என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டார். நெஞ்சுக் கருவிக்கு வழி திறந்தது.

சில்லைத் திரும்பப் பெற வடிவமைப்பாளர் செப்பு அறைக்கு வந்தபோது மேசையில் வேறு யாருடைய சில்லோ ஏறியிருந்தது. அக்கா ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து நகர்த்தினார்.

"இதுக்குள்ள என்ன எழுதியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது சார். தெரியாம இருக்கிறது எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?"

அவர் பெட்டியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போகவில்லை.

"முதல் சிப்புல எழுதியிருந்தது..."

"ம்."

"நீங்க இன்னும் ஒண்ணும் சொல்லல மேடம்."

"சொல்லல."

"அது என் கடன். எப்போ கேட்டாலும் நான் தயாரா இருக்கேன்."

"இருக்கட்டும் சார்," என்றார் அக்கா.

ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டு மறுபடி சாய்ந்தார். பிறகு வெறுங்காலை நீட்டி, மேசைக்கடியில் கிடந்த இன்னொரு நாற்காலியைப் பாதத்தால் இழுத்து, வடிவமைப்பாளர் பக்கமாகத் தள்ளிவிட்டார்.