ரேடியேட்டருக்குள் ராகி மாவு

நம் வீட்டில் ராகிக்களி கிண்டும் நாளில் நான் வாசலில் போய் நின்றுகொள்வதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்பாவுக்குப் பட்டணத்து நாக்கு வந்துவிட்டது என்று பெரியவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. களியைத் தின்று வளர்ந்தவன்தான் நான். இருபத்தாறு வயதுவரை இரண்டு வேளையாவது அதுதான். அதற்குப் பிறகு அந்த வாசம் பட்டாலே தொண்டையில் ஏதோ ஏறி வருகிறது. ஏன் என்று உங்கள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

யுத்தத்துக்கு முன்னால் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு மிட்டாதாரிடம் வேலைக்கு இருந்தேன். நாலைந்து ஊர் நிலம் அவருக்குச் சொந்தம். அவருடைய நெல் மில்லில் எஞ்சின் என் பொறுப்பு. அதற்கு முன் லாரியில் இருந்ததால் வண்டி ஓட்டவும் தெரியும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது தன் காரை மிட்டாதாருக்கு விற்றுவிட்டார்.

இரண்டே பேர் உட்காரும் கார் அது. மேலே கூரை கிடையாது. பந்தயத்துக்கென்று செய்த வண்டி என்றார்கள். முன்பக்கம் மட்டும் ஒரு ஆள் நீளம். எஞ்சின் மூடியைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருக்கும். துரை நோயில் கிடந்ததால் ஒரு மழைக்காலம் முழுவதும் காப்பிக் கொட்டகையில் நின்றிருந்தது. டிரைவர் துடைத்து வைத்திருந்தார். ஆனாலும் உட்கார்ந்ததும் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது.

அந்த டிரைவர் சேலத்துக் கிறிஸ்தவர். செவ்வாய்ப்பேட்டையில் வீடு. துரையிடம் பன்னிரண்டு வருஷம் இருந்தவர்; மூன்று பெண் குழந்தைகள். காரோடு அவரையும் வைத்துக்கொள்ளும்படி துரை கேட்டிருந்தார்; மிட்டாதாரும் தலையாட்டியிருந்தார். பங்களாவில் சாமான் கட்டும் வேலை பாக்கி இருந்ததால் அவர் மூன்று நாள் கழித்து வருவதாகவும், வண்டியை நான் இறக்கிக்கொண்டு வருவதாகவும் ஏற்பாடு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் இருப்பது இரண்டு இருக்கை. ஒன்று மிட்டாதாருக்கு. மற்றது யாருக்கு என்பதே மலையில் ஏறும்போது என் நினைப்பாக இருந்தது.

டிரைவர் வண்டியை என்னிடம் விட்டபோது சொன்னார்: "மெதுவா போ தம்பி. இதோட வயித்துக்கும் தரைக்கும் அரையடிதான். மாட்டு வண்டித் தடம் வந்தா ஓரம் ஒதுங்கிடு."

மலை இறங்கும்வரை ஒதுங்கித்தான் வந்தேன். சேலத்தைத் தாண்டியதும் ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்தப் பார்வை என் காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்தியது. ஒரு தடத்தில் சக்கரம் இறங்கி, அடியில் கல் ஒன்று டங்கென்று இடித்தது. நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டர், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர்ப் பெட்டி, அடிப்பக்கம் கசிந்துகொண்டிருந்தது.

இதற்கு லாரிக்காரர்களிடம் ஒரு வழி உண்டு. மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போடுவார்கள். அது கிடைக்காத இடத்தில் ராகி மாவு. சுடுதண்ணீரில் மாவு வெந்து ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஊர் சேர்ந்ததும் முதல் வேலையாகக் கழுவிவிட வேண்டும். பக்கத்துக் குடிசையில் ஒரு அம்மாள் ராகி அரைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் முறத்தோடு கொண்டுவந்தார்.

"ஏனுங்க சாமி, வண்டிக்குமா களி?"

"ஆமாங்க. அதுக்கும் பசிக்குதுங்க."

"பாத்துங்க. களி தின்னா படுத்துத் தூங்கிப்போயிரும்."

சிட்டிகை போட்டேன். நிற்கவில்லை. ஒரு கை போட்டேன்; கசிவு குறைந்தது. பயத்தில் இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டு, அந்த அம்மாளிடமே தண்ணீர் வாங்கி ஊற்றி, மூடியைத் திருகினேன். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அம்மாள் கடைசியாகச் சொன்னதுதான் பலித்தது.

ஊருக்குள் நுழைந்ததும் ஆரத்தி எடுத்தார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மிட்டாதார் ஏறி உட்கார்ந்து கீழே இறங்க மனமில்லாமல் இருந்தார். அந்தக் கூட்டத்தில் தண்ணீரைத் திறந்து விட்டால் மாவு வரும். மாவு வந்தால் ஓட்டையைச் சொல்ல வேண்டும். ஓட்டையைச் சொன்னால் கல்லைச் சொல்ல வேண்டும். நாளைக்குக் கழுவலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மிட்டாதார் கிளம்பச் சொன்னார். இரண்டு மைல் போகவில்லை, எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"துரை மலையில ஏத்தி ஏத்தி எஞ்சினைத் தேச்சுப்புட்டாங்களாட்ட இருக்குதுங்க."

"அந்த டிரைவர் ஒண்ணுஞ் சொல்லலையேப்பா?"

"விக்கறவங்க சொல்லுவாங்களாங்க?"

அன்று முதல் வண்டியைப் பிரித்தேன். பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தேன். கார்புரேட்டரை அலசினேன். சீட்டைத் தூக்கினால் காப்பிக் கொட்டைத் தொலிக்குள் எலிக்குஞ்சுகள் செத்து, பலகையோடு பலகையாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. கத்தியால் சுரண்டி எடுத்தேன். கை நகத்தில் அந்த நாற்றம் மூன்று நாள் இருந்தது. வண்டியில் நான் தொடாத இடம் ஒன்றுதான். அது ரேடியேட்டர். அது ஏன் என்று நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

டிரைவர் தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்தபோது மிட்டாதார் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"வெள்ளிக்கெழமை நான் இந்த வண்டியில திருச்செங்கோடு போயி சாமி கும்பிட்டு வரோணும். ஓடுச்சுன்னா நீ இரு. இல்லீன்னா பெட்டியை எடுத்துக்கிட்டு வந்த வழியப் பாரு."

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவர் நேராக வண்டியிடம் வந்தார். எஞ்சினைப் போடச் சொல்லிக் காதைச் சாய்த்துக் கேட்டார். "எஞ்சின்ல கோளாறு இல்ல தம்பி. வழியில தண்ணி மாத்துனியா?"

"இல்லீங்கண்ணா."

ஆறியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூக்கைக் கொண்டுபோனார். மூடினார். "சரி" என்றார். இரண்டு நாளும் என்னோடு சேர்ந்து, கெடாத எஞ்சினைக் கெட்டதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தார். மத்தியானத்தில் தன் சோற்றில் எனக்கும் ஒரு உருண்டை வைப்பார். நான் வாங்கித் தின்பேன். இப்போது நினைத்தால் அந்தச் சோறும் குமட்டுகிறது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் புறப்பட்டாக வேண்டும். வீட்டுக்குள்ளே பூஜைத் தட்டு தயாராகவில்லை. மிட்டாதார் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்து நிமிஷம் முன்பாகவே ஏறி உட்கார்ந்து, வண்டியை வாசலைத் தாண்டிப் பத்தடி நகர்த்தச் சொன்னார். இனி புறப்பட்ட கணக்கு. ஆனால் எஞ்சினை அணைக்கக் கூடாது. அணைத்தால் ராகு காலத்தில் மறுபடி கிளப்ப வேண்டி வரும். நல்ல வெயிலில், நின்ற இடத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. டிரைவர் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருந்தார்.

அரைமணி நேரத்தில் ரேடியேட்டர் முனகத் தொடங்கியது. நான் இறங்கி, துணியைப் போட்டு மூடியைத் தொட்டேன். முழுக்கத் திருகும் முன்னே அது என் கையை விட்டுப் பறந்தது. பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று ஆள் உயரத்துக்கு எழும்பி, என் இடக்கையிலும் மிட்டாதாரின் வெள்ளைச் சட்டையிலும் அவர் நெற்றி விபூதியிலும் விழுந்தது. இந்தத் தழும்பு அன்றைக்கு வந்ததுதான்.

மிட்டாதார் சட்டையில் இருந்ததை விரலால் வழித்து நசுக்கி மோந்தார். எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் அந்த வாசத்தை இன்னொன்றாக நினைக்க மாட்டான்.

"இது களிதானப்பா?" என்றார். பிறகு டிரைவர் பக்கம் திரும்பினார். "ஓட்டையில மாவை அடைச்சு என்ற தலையில கட்டிட்டயா?"

டிரைவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் வெந்த கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க இன்னும் எவ்வளவோ இருப்பதுபோலத் துடைத்தேன். அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

அன்றே ரேடியேட்டரைக் கழற்றினேன். அதைக் கவிழ்த்ததும் வந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐந்து நாள் வெந்தும் ஆறியும் புளித்த களி. மேலே துருச் சிவப்பு, உள்ளே சாம்பல் நிறம், இடையில் நூல் நூலாகப் பூசணம். பழைய கூழின் புளிப்பும் எஞ்சின் எண்ணெயின் காரமும் சேர்ந்த நாற்றம். நாய் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டுத் தும்மிக்கொண்டு ஓடியது. குழாய்க் கண்ணுக்குள் எல்லாம் பசைபோல ஏறியிருந்தது. சலவைச் சோடாவைக் கொதிக்க வைத்து ஊற்றி, கீழிருந்து மேலாகத் தண்ணீரைச் செலுத்தி, ஈர்க்குச்சியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுத்தேன். இரண்டு பகல் ஆனது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைக் கூட்டிவந்து அடியிலிருந்த வெடிப்பைப் பற்றவைத்தேன்.

மூன்றாம் நாள் கார் ஓடியது. எப்படி ஓடியது தெரியுமா! திருச்செங்கோடு மலை தெரிகிற வரைக்கும் போய்த் திரும்பினோம். மூடியில் கை வைத்தால் சுடவில்லை. மிட்டாதார் என் முதுகில் தட்டினார். "இனி இந்த சீட்டு உனக்குத்தான்."

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். உங்கள் அம்மா களி உருண்டையைத் தட்டில் வைத்துக் குழி பறித்துக் குழம்பு ஊற்றினாள். ஆவி முகத்தில் பட்டது. எழுந்து ஓடிப்போய் வேலியில் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து, கல்லில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்போது உன்னை வயிற்றில் வைத்திருந்தாள், பெரியவனே.

"அவிங்களுக்கு மூணு பொட்டப்புள்ளைங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்றாள்.

"ஆமா."

தட்டை எடுத்து மூடி வைத்தாள். "போயிட்டு வந்து தின்னுக்கலாம். எந்திரிங்க."

பஸ் ஏறி செவ்வாய்ப்பேட்டைக்குப் போனேன். மளிகை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. டிரைவர் கதவை முழுக்கத் திறக்கவில்லை.

"மாவு நான் போட்டதுங்கண்ணா."

"தெரியும் தம்பி. அன்னைக்கு மூடி தொறந்தப்பவே தெரியும்."

"அப்ப ஏனுங்க சொல்லல?"

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொல்லுவேன்னு பார்த்தேன்." உள்ளே ஒரு குழந்தை இருமியது. "இங்க வந்து எதுக்குச் சொல்றே? சொல்ல வேண்டிய எடம் அங்கதான இருக்கு?" கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை மிட்டாதார் முன்னால் நின்று சொன்னேன். பண்ணையாட்கள் எல்லாரையும் கூப்பிட்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். சிலர் சிரித்தார்கள். மிட்டாதார் சிரிக்கவில்லை. "களியைச் சட்டையில பூசுனதுகூடப் பரவால்ல. என்ற வாயில ஒரு பெரிய மனுசனை வெய்ய வெச்சுட்டயேடா" என்றார். அன்றே ஆள் அனுப்பி டிரைவரை வரவழைத்தார். நான் மில் எஞ்சினுக்கே திரும்பினேன்.

அதன் பிறகு ஆறு வருஷம் அந்தக் கார் மில் வாசலில் நிற்கும்போதெல்லாம் நான்தான் தண்ணீர் கொண்டுபோவேன். டிரைவர் கோபமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. வாளியை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்ப்பார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்து, "ஊத்து தம்பி" என்பார். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட மோந்து பார்க்காமல் அவர் ஊற்ற விட்டதில்லை.